விறகு விலை மரத்தில் வீட்டுத் தொழில்: சிறு செதுக்கு இயந்திரம் யாருக்கு லாபம்?

வரப்போரத்துப் பூவரசு, பட்டுப்போன மாமரம், வேலியில் மண்டிய சீமைக்கருவேல் ஆகியவற்றை நம் சிறு விவசாயிகள் பெரும்பாலும் விறகாகவே விற்கிறார்கள். வியாபாரி வருகிறார், கண்ணால் அளந்து ஒரு விலை சொல்கிறார், அல்லது எடை மேடையில் ஏற்றி டன் கணக்கில் பணம் கொடுக்கிறார். அதே மரத்தில் ஒரு முழ நீளத் துண்டு பலகையாக அறுபட்டு, காய்ந்து, ஒரு வீட்டின் பெயரைத் தாங்கி வாசலில் தொங்கும்போது சில நூறு ரூபாய் பெறுகிறது. இந்த வித்தியாசத்தைக் காட்டித்தான், மேஜைமீது வைத்து ஓட்டக்கூடிய சிறிய மரம் செதுக்கும் இயந்திரங்களை இப்போது விளம்பரம் செய்து விற்கிறார்கள். "வீட்டிலிருந்தபடியே மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம்" என்கிறது விளம்பரம்.

விளம்பரம் முழுப் பொய்யல்ல. கோடையில் வயல் வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் இந்த இயந்திரத்தால் வருமானம் பார்க்க முடியும். ஆனால் இயந்திரம் வாங்கிய எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. மரம், நேரம், விற்பனை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டவர்களுக்கே கிடைக்கிறது. கடன் வாங்கி இயந்திரத்தை இறக்கிவிட்டுப் பிறகு ஆர்டர் தேடுகிறவர் வீட்டில், அது துணி மூடிய ஒரு மேஜையாகத்தான் நிற்கும்.

இயந்திரம் என்ன செய்கிறது?

ஊரில் இதை "சி.என்.சி. மெஷின்" என்கிறார்கள். டவுன் மரக்கடைகளில் கதவுக்குக் கஜலட்சுமியும் மயிலும் செதுக்கித் தருகிறார்களே, அந்தப் பெரிய இயந்திரத்தின் குட்டிதான் இது. ஒரு சிறிய மேடை. அதன்மேல் வேகமாகச் சுழலும் ஒரு மோட்டார். மோட்டாரின் வாயில் பென்சில் கனத்துக்கும் குறைவான ஒரு வெட்டும் கம்பி. இதற்குப் பிட் என்று பெயர். இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று மூன்று திசைகளிலும் பிட்டை நகர்த்தத் தனித்தனியே மோட்டார்கள் உண்டு. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, எவ்வளவு ஆழத்தில், என்ன வேகத்தில் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் வரிவரியாகச் சொல்லும். இயந்திரம் அதன்படி நகரும்.

எண்களைக் கொண்டு இயந்திரத்தை நடத்தும் இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-லேயே இப்படி ஒரு மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். அது பெரிய ஆலைகளுக்கான சரக்காகவே இருந்தது. 2009-ல் தொடங்கப்பட்ட ஜி.ஆர்.பி.எல். என்ற கட்டுப்பாட்டு நிரலை யாரும் இலவசமாக எடுத்து உபயோகிக்கலாம் என்று விட்டதும், உள்ளங்கையளவு மின்பலகையில் அது ஓடியதும்தான் விலையைக் கீழே இறக்கின. இன்று பதினையாயிரம், இருபதாயிரம் ரூபாய் அளவிலேயே மிகச் சிறிய இயந்திரம் கிடைக்கிறது. சற்றுப் பெரியது அறுபதாயிரம், எழுபத்தையாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேலும் போகிறது.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது ஆசாரியின் கைக்கு மாற்று அல்ல. பலகையை அறுப்பது, இழைப்பது, சதுரம் பார்ப்பது, செதுக்கியபின் உப்புத்தாள் போடுவது, எண்ணெய் பூசுவது எல்லாம் மனிதன்தான் செய்ய வேண்டும். இயந்திரம் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ கைவேலை இருக்கும்.

எந்த அளவு வாங்குவது?

மலிவாக விற்கும் இயந்திரத்துக்கு "3018" என்று பெயர் வைத்திருப்பார்கள். 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம் வரை பிட் போகும் என்பதே அதன் பொருள். அதற்கு மேல் அது எட்டாது. மோட்டாரும் பலவீனமானது. இந்த அளவு ஒரு தொழிலுக்குப் போதுமா என்பதைப் பல்லாங்குழிப் பலகையை வைத்துப் பார்ப்போம்.

பல்லாங்குழிக்கு வரிசைக்கு ஏழாக 14 குழிகள். குழியின் வாய் 5 செ.மீ., ஆழம் ஒன்றரை செ.மீ. என்று கொள்வோம். ஏழு குழியும் இடைவெளியும் சேர்ந்தால் 39, 40 செ.மீ. ஆகிவிடும். 30 செ.மீ. மேடையில் அது அடங்காது. அடங்குவதாகவே வைத்துக்கொண்டாலும் நேரத்தைப் பாருங்கள். பதினான்கு குழியிலும் தோண்டி எடுக்க வேண்டிய மரம் ஏறக்குறைய 230 கன செ.மீ., அதாவது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சிறிய இயந்திரம் 3 மி.மீ. பிட்டைக் கொண்டு ஒரு முறைக்கு 1 மி.மீ. ஆழம்தான் பயமில்லாமல் வெட்டும். நிமிஷத்துக்கு 60 செ.மீ. ஓடினாலும் ஒரு கன செ.மீ. மரம்கூட வெளியே வராது. குழி தோண்டவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வழவழப்பாக்க இன்னொரு இரண்டு மணி. ஒரு பகல் முழுவதும் ஒரு பலகை.

பெரிய இயந்திரத்தில் 500 முதல் 800 வாட் மோட்டார் இருக்கும். 6 மி.மீ. பிட் போட்டு 3 மி.மீ. ஆழத்தில் நிமிஷத்துக்கு 150 செ.மீ. ஓட்டலாம். அதே குழிகளை இருபது நிமிஷத்தில் தோண்டிவிடும். வழவழப்பாக்குவதற்கு உருண்டை முனைப் பிட்டை அரை மி.மீ. நெருக்கத்தில் ஓட்ட வேண்டும் என்பதால் அதற்கு ஒரு மணி நேரம். ஆக ஒன்றரை மணி.

ஆகவே தொழில் என்று இறங்குகிறவர்கள் குறைந்தது 60-க்கு 40 செ.மீ. மேடையும், 500 வாட்டுக்குக் குறையாத மோட்டாரும் உள்ளதையே பார்க்க வேண்டும். 3018 பிள்ளைகள் கற்றுக்கொள்ள நல்லது. சாவிக்கொத்து வில்லை, சிறிய பெயர்ப் பலகை ஆகியவற்றுக்கு ஆகும். அதை வைத்துக் குடும்ப வருமானத்துக்குக் கணக்குப் போடுவது சரியல்ல.

விலை குறைவான இயந்திரங்களோடு லேசர் முனை ஒன்றையும் இனாமாகச் சேர்த்துத் தருகிறார்கள். அது மரத்தைச் செதுக்காது, மேலாகச் சுட்டுக் கோடு போடும். அதன் ஒளி ஒரு கணம் பட்டாலும் கண் கெடும். அதற்கென்று விற்கும் தடுப்புக் கண்ணாடி இல்லாமல் அதை ஏற்றக் கூடாது. குழந்தைகள் நடமாடும் அறையில் ஏற்றவே கூடாது. பி.வி.சி. பலகையில் லேசர் காட்டினால் குளோரின் கலந்த நச்சுப் புகை வரும்.

நம் மரங்களில் எது நல்லது?

டவுனில் இதே தொழிலைச் செய்கிறவர் மரவாடியில் பலகை வாங்கியாக வேண்டும். விவசாயியிடம் மரம் இருக்கிறது. அவருக்குள்ள அனுகூலம் இதுதான். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறிய இயந்திரத்துக்கு நீண்ட மரம் தேவையில்லை. ஒன்றரை அடி, இரண்டடித் துண்டு போதும். வளைந்தும் கணுவோடும் இருப்பதால் மரவாடிக்காரர் வேண்டாம் என்று தள்ளும் அடித்துண்டுகளிலும் தடித்த கிளைகளிலும் இந்த நீளம் தாராளமாகக் கிடைக்கும்.

பூவரசு முதல் தரம். நெருக்கமான நார், நல்ல நிறம், நீடித்த உழைப்பு. எழுத்தின் விளிம்பு உதிராமல் நிற்கும். வேம்பின் வைரம் பூச்சிக்கு எளிதில் இடம் கொடுக்காது. ஆனால் கசப்பும் வாடையும் உள்ளதால் தின்பண்டம் படும் சாமானுக்கு வேண்டாம். மாமரம் மிருதுவானது, பிட்டும் சீக்கிரம் மழுங்காது. ஆனால் ஈரத்தோடு போட்டுவைத்தால் நீலம் பாய்ந்துவிடும். துளைப்பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். அறுத்த அன்றே அடுக்கிவிட வேண்டும். வாகை சிற்ப வேலைக்குப் பழக்கப்பட்ட மரம். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர்ச் சிற்பிகள் வாகை, மா, வேம்பு ஆகியவற்றில்தான் பெரும்பாலும் வேலை செய்கிறார்கள். வெட்பாலை உள்ளவர்கள் அதை விறகுக்குப் போடாதீர்கள். கர்நாடகத்துச் சென்னபட்டணம், ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்கா பொம்மைகள் எல்லாம் அந்த மரம்தான். வெள்ளையாக, ஒரே சீராக இருக்கும்.

சீமைக்கருவேலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரிமூட்டம் போடுவதற்கே அது பிறந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் வைரம் செம்பழுப்பு நிறத்தில் அழகாக இருக்கும். காய்ந்தபின் சுருங்குவதும் கோணுவதும் மற்ற மரங்களைவிடக் குறைவு. பெயர்ப் பலகைக்கு வேண்டிய குணம் அதுதானே! குறை என்னவென்றால், கடினமானது. வெட்டும் ஆழத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்ட வேண்டும். சுற்றியுள்ள மஞ்சள் நிற வெளிமரத்தைப் பூச்சி அரித்துவிடும். அதை அறுத்துத் தள்ளிவிட வேண்டும். தொடையளவு பருமனுள்ள அடிமரமாகப் பார்த்து எடுத்தால்தான் நாலைந்து அங்குல அகலப் பலகை கிடைக்கும்.

தென்னையும் பனையும் இந்த வேலைக்கு ஒத்துவராது. அவற்றின் முரட்டு நார் பிட்டின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும், விளிம்பும் பிசிறடிக்கும். வேகமாக வளர்ந்த இளம் மலைவேம்பிலும் நுணுக்க வேலை செய்தால் நார் எழும்பும். அதைப் பெரிய எழுத்துகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தேக்கு, ஈட்டி, சந்தனம் ஆகியவற்றுக்கு வனத்துறையின் விதிகள் உண்டு. சொந்தப் பட்டாவில் நிற்கிறது என்பதற்காக வெட்டிவிட்டோ வண்டியில் ஏற்றிவிட்டோ பிறகு விசாரிக்கக் கூடாது. முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்க வேண்டும். புறம்போக்கு மரத்தின் பக்கமே போக வேண்டாம்.

காய வைப்பதில்தான் பாதித் தொழில்

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நஷ்டப்படுவது பச்சை மரத்தால்தான். செதுக்கும்போது பச்சை மரம் வெண்ணெயாக வெட்டும், பார்க்க அழகாகவும் இருக்கும். வாங்கியவர் வீட்டில் இரண்டு மாதம் தொங்கியபின் பெயரின் நடுவே வெடிப்பு ஓடும். அந்த ஒரு பலகை அடுத்த பத்து ஆர்டரைக் கெடுக்கும்.

மரத்தை அறுவை மில்லில் ஒன்றேகால் அங்குலக் கனத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே பலகைகளின் இரண்டு முனையிலும் பழைய பெயின்ட்டையோ உருக்கிய மெழுகையோ பூசிவிட வேண்டும். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் வெடிப்பு அங்கே தொடங்குகிறது. பிறகு வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் செங்கல்மேல் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் அடுக்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே ஓரங்குலச் சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வைக்க வேண்டும். சட்டம் நேர்கோட்டில் இல்லாவிட்டால் பலகை அலையாகக் கோணிக்கொள்ளும். உச்சியில் கனமான கல் ஏற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியின் அருகிலோ எருக்குழியின் அருகிலோ அடுக்கினால் காயவே காயாது.

எத்தனை நாள்? மரத்தையும் பருவத்தையும் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம். ஐப்பசி, கார்த்திகையில் அறுத்தால் கூடுதலாகும். கையால் தட்டிப் பார்த்துச் சொல்வதைவிட நிச்சயமான வழி ஒன்று இருக்கிறது. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை உருவி, வாரம் ஒரு முறை எடை போட்டு, எடையை அதன்மேலேயே எழுதி வாருங்கள். முதலில் எடை மளமளவென்று குறையும். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் மரம் உங்கள் ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இதற்குப் பால் சொசைட்டித் தராசே போதும்.

எதைச் செய்தால் விற்கும்?

ஒரே மாதிரியான சாமானை நூற்றுக்கணக்கில் செய்வதில் பெரிய ஆலை நம்மை வென்றுவிடும். அங்கே ஒரே நேரத்தில் நாலு மோட்டார் நாலு பலகையைச் செதுக்கும். நூறு வீட்டுக்கு நூறு பெயர் என்னும்போது அந்த வேகத்தால் அவர்களுக்குப் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வரைய வேண்டும். எழுத்துப் பிழை பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அருகில் இருக்கும் சிறியவருக்கு ஏற்ற வேலை இது. ஆகவே பெயர் தாங்கிய சாமான்களை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுப் பெயர்ப் பலகை, டாக்டர், வக்கீல், கடைகளுக்கான பெயர்ப் பலகை, கிரகப்பிரவேசத்துக்கும் மணிவிழாவுக்கும் கொடுக்கும் நினைவுப் பலகை. தை, மாசி, வைகாசி முகூர்த்தக் காலமும், டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் காலமும் ஒன்றாக அமைவது ஒரு வசதி.

தமிழ் எழுத்தைச் செதுக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். 3 மி.மீ. பிட் 'ண', 'ஞ' ஆகிய எழுத்துகளின் சுழிக்குள் நுழையாமல் அதை அடைத்துவிடும். 'ணை' 'னை' ஆகிவிட்டால் வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார். எழுத்துக்குக் கூர்முனை கொண்ட 60 டிகிரி 'வி' பிட்தான் சரி. எழுத்து உயரம் ஓரங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். படம் வரைய இங்க்ஸ்கேப் என்ற நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தமிழிலேயே தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றியபின் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். மாற்றாமல் அனுப்பினால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகலாம். பிளஸ் டூ படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

விவசாயிகளுக்குள்ளேயே ஒரு சந்தை இருக்கிறது. அது வெல்ல அச்சு. தஞ்சை மாவட்டம் வீரமாங்குடி அச்சு வெல்லத்துக்குப் பேர்போன ஊர். கரும்பு காய்ச்சுகிற ஊர்களில் குழி அச்சுப் பலகைக்கு எப்போதும் தேவை உண்டு. அடியில் காய்ச்சுகிறவரின் அடையாளத்தையோ பெயரையோ செதுக்கிக் கொடுத்தால் அவருடைய வெல்லம் சந்தையில் தனியாகத் தெரியும். இதில் முக்கியமானது குழியின் சரிவு. பக்கச் சுவர் செங்குத்தாக இருந்தால் வெல்லம் கழன்று வராது. வாய் அகன்று அடி குறுகும்படி பத்துப் பதினைந்து டிகிரி சரிவு வேண்டும். அடையாளத்தையும் ஆழமாக வெட்டாமல் இரண்டு மி.மீ. அளவில் நிறுத்த வேண்டும். வாடையில்லாத மரமாக இருக்கட்டும். வார்னிஷ் கூடாது. ஆனால் அச்சு பல வருஷம் உழைக்கும் சாமான். ஒரு ஆலைக்காரர் ஒரு முறை வாங்கினால் மறுபடி சீக்கிரம் வரமாட்டார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பல்லாங்குழி, தாயக்கட்டம், ஆடுபுலி ஆட்டப் பலகை, ஐந்தறைப் பெட்டி ஆகியவை அடுத்தபடி.

சிறுவர் பொம்மை செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவு இல்லாதவர்கள் பொம்மை என்று விற்பதைத் தவிர்ப்பதே உத்தமம்.

இயந்திரத்தில் செதுக்கியதைக் கைச்சிற்பம் என்று சொல்லி விற்கவும் கூடாது. அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கும் அது உண்டு. உளியும் கொட்டாப்புளியும் பிடித்துப் பல தலைமுறை உழைத்தவர்களின் சொத்து அந்தப் பெயர். பெயர்ப் பலகை விற்பதற்கு அது தேவையும் இல்லை. சுத்தமான எழுத்தையும் காய்ந்த மரத்தையும் பார்த்து வாங்குகிற ஆட்கள் ஊரில் உண்டு.

ஒரு கணக்கு

பேச்சுக்கு, 75,000 ரூபாய் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று வருஷத்தில் அந்தப் பணம் திரும்ப வேண்டும் என்றால் மாதம் ஏறக்குறைய 2,080 ரூபாய் இயந்திரத்துக்கு ஒதுக்க வேண்டும். கடனானால் வட்டி தனி.

பல்லாங்குழிப் பலகையைக் கடைக்காரர் 450 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார் என்று வைப்போம். மரம் சொந்தமாயினும் அதற்கு 80 ரூபாய் எழுதுங்கள்; விறகாகவாவது விற்றிருக்கலாமே. அறுப்பு, இழைப்பு 50. உப்புத்தாள், எண்ணெய் 40. பிட் தேய்மானம் 20. மின்சாரம் 10. அட்டைப் பெட்டி, கொண்டுபோகும் செலவு 40. மொத்தம் 240 போக நிற்பது 210. ஆக மாதம் முதல் பத்துப் பலகை இயந்திரத்துக்குக் கூலி. பதினொன்றாவது பலகையிலிருந்துதான் வீட்டுக்குக் கூலி. மாதம் 25 பலகை விற்றால் மிஞ்சுவது 3,150 ரூபாய். அதற்கு இயந்திரமும் கைவேலையுமாக அறுபது மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். பத்தில் ஒன்று கெட்டுப்போனால் இன்னும் குறையும்.

பெயர்ப் பலகையில் நிலைமை வேறு. ஒரு அடிப் பலகையில் பெயர் வெட்ட முக்கால் மணி நேரம் போதும். மரமும் பாதிதான். ஆர்டரின்பேரில் செய்வதால் கடைக்காரருக்குத் தள்ளுபடி கிடையாது, தேங்குவதும் கிடையாது. பலகைக்கு 350 ரூபாய் நின்றாலும் மாதம் ஆறே பலகையில் இயந்திரத்தின் பங்கு தீர்ந்துவிடும். ஆனால் மாதம் இருபது பெயர்ப் பலகைக்கு ஆர்டர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இயந்திரம் வாங்கும் முன்பே பதில் இருக்க வேண்டும்.

இந்த விலைகள் ஒரு மாதிரிக்குத்தான். உங்கள் டவுனில் அறுப்புக் கூலி என்ன, கடைக்காரர் என்ன கொடுப்பார் என்று விசாரித்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் தூசியும்

கிணற்று மோட்டாருக்கான இலவச விவசாய மின் இணைப்பில் இந்த இயந்திரத்தைக் கோர்க்கவே கூடாது. அது விதிமீறல், அபராதத்தில் வருஷ வருமானம் போய்விடும். வீட்டு இணைப்பில் தொழில் செய்வது பற்றியும், குடிசைத் தொழிலுக்கான கட்டண வகை பற்றியும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, தேவையானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலை நடுவே மின்சாரம் நின்றால், தான் எந்த இடத்தில் இருந்தோம் என்பதை இயந்திரம் மறந்துவிடும். மேடையின் ஒரு மூலையில் இரண்டு சட்டங்களை நிரந்தரமாகத் திருகி, பலகையை எப்போதும் அந்த மூலையில் முட்டவைத்து அதையே தொடக்கப் புள்ளியாக வைத்தால், மின்சாரம் வந்ததும் அதே இடத்திலிருந்து பிடிக்கலாம். ஊரில் வோல்டேஜ் ஏறி இறங்குமானால் ஸ்டெபிலைசர் அவசியம்.

மரத்தூளை அலட்சியம் செய்யக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கைக்குட்டை கட்டுவது போதாது. என்-95 முகமூடி போட வேண்டும். பிட்டின் பக்கத்திலேயே தூளை உறிஞ்சும் வேக்குவம் குழாயைப் பொருத்த வேண்டும். சமையலறை, படுக்கையறை, மாட்டுக் கொட்டகை மூன்றிலும் இயந்திரத்தை வைக்காதீர்கள்.

வைக்கோல் போர் அருகில் உள்ள கொட்டகையும் வேண்டாம். மழுங்கிய பிட் மரத்தை வெட்டாமல் தேய்க்கும். தேய்ந்த இடம் கருகும், புகையும். காய்ந்த தூளில் பொறி பிடித்தால் பரவக் கண நேரம் போதும். இயந்திரம் ஓடும்போது வீட்டில் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். ஓடவிட்டுவிட்டுக் களை பார்க்கப் போகலாம் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். தளர்ந்த சட்டையும் துண்டும் சுழலும் பிட்டுக்கு அருகே ஆகாது. பெண்கள் தலைமுடியை இறுக முடிந்துகொள்ள வேண்டும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது

இயந்திரம் இல்லாமலே இந்தத் தொழிலை மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். அநேகமாக எல்லா டவுனிலும் கதவு செதுக்கும் சி.என்.சி. கடை இருக்கிறது. உங்கள் மரத்தில் நாலு மாதிரிப் பலகைகளை அங்கே கூலி கொடுத்துச் செதுக்கி வாங்குங்கள். வீட்டில் உப்புத்தாள் போட்டு எண்ணெய் பூசி, வாசலில் ஒன்றைத் தொங்கவிடுங்கள். மற்றவற்றைத் தெரிந்த கடையிலும், கல்யாண மண்டபத்திலும், வீடு கட்டும் மேஸ்திரியிடமும் காட்டுங்கள். செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். வருகிற ஆர்டரை அந்தக் கடையிலேயே கூலிக்குச் செதுக்கிக் கொடுங்கள். லாபம் குறைவாக இருக்கும், பரவாயில்லை. எந்த மாதம் எத்தனை கேட்டார்கள், எந்த விலைக்கு முகம் சுளித்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூன்று மாதத்தில் மாதம் பத்து ஆர்டர்கூடத் தேறவில்லை என்றால் இயந்திரம் வேண்டாம். போனது மாதிரிப் பலகைக்கான சில ஆயிரம் மட்டுமே.

தேறினால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், அப்போது நடப்பிலுள்ள மானியத் திட்டங்களையும் பயிற்சிகளையும் விசாரியுங்கள். மானியம் கிடைக்கிறதே என்று தேவைக்கு மேல் பெரிய இயந்திரத்துக்கு எழுதிவிட வேண்டாம். மானியம் போக மீதி கடன்தான். வாங்கும்போது, உங்கள் கண் முன்னால் உங்கள் மரத்தில் ஒரு பெயரை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிட், மோட்டார் கரி, பெல்ட் ஆகியவை அருகிலுள்ள ஊரில் கிடைக்குமா, பழுதானால் ஆள் வருவாரா என்று கேளுங்கள். ஒரு பிட் உடைந்ததற்காகப் பத்து நாள் பார்சலை எதிர்பார்த்து உட்கார நேர்ந்தால் முகூர்த்தம் கடந்துவிடும்.

மரம் அறுப்பதை மட்டும் இதற்கெல்லாம் காத்திராமல் இப்போதே தொடங்கலாம். ஆர்டர் தேடுகிற மாதங்களிலேயே பலகை காய்ந்துகொண்டிருக்கும். தொழில் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் காய்ந்த பலகையை ஆசாரி விறகைவிட நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார். அடுக்கும்போது மரத்தின் பெயரையும் அறுத்த தேதியையும் ஒவ்வொரு பலகையின் முனையிலும் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். ஆறு மாதத் தூசி படிந்தபின் எது வாகை, எது வேம்பு என்று பார்த்துச் சொல்வது பழகிய ஆசாரிக்கே கொஞ்சம் சிரமம்.